உங்களுக்குத் தெரியுமா? லாரியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்...

● ஓடிக்கொண்டிருக்கும் டீசல் லாரியில் ஆயில் பிரஷர் விளக்கு திடீரென எரிந்தால், ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டக் கூடாது. ஓரங்கட்டி, உடனே எஞ்சினை அணையுங்கள். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றோடொன்று உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். நிமிடத்துக்கு 1 லட்சம் முறைகூடச் சுழலும் டர்போவுக்கும் அதுவே காவல்.

● சமதளத்தில் 10 நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். கூடியிருந்தாலும் ஆபத்துதான். டீசல் வாடை வந்தால், டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம். பால்காபி போல வெளுத்திருந்தால், கூலண்ட் கலந்திருக்கலாம்.

● அளவு சரியா? மெக்கானிக் ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டர் மாட்டிப் பார்ப்பார். அதில் பிரஷர் சரியாக இருந்தால் கோளாறு சென்சாரிலோ ஒயரிலோதான்.

● மீட்டரிலும் குறைவா? ஆயில் உறிஞ்சும் வலையில் அடைப்பு, திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, தேய்ந்த பம்ப் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது மட்டும் பிரஷர் விழுந்தால், பேரிங் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள்.

● ஆயில் ஃபில்டரையும் கழற்றி வெட்டி, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள்கள் மின்னினால், பேரிங்கின் உள்ளடுக்கு வரை தேய்ந்திருக்கலாம். அதன்பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துச்செல்லும் செலவு, கிராங்க் மாற்றும் செலவைவிட மிகக் குறைவு.