மருந்துக்கு அஞ்சாத கலங்கள்

பகைவனை ஒரு முறை வென்றதும் போர் முடிந்ததென்று எண்ணுவது பேதைமை. தோற்றவன் போல மறைந்திருந்து, காலம் பார்த்து மீண்டும் எழுபவனே கொடிய பகைவன். புற்றுநோய் இத்தகைய பகை. மருந்து கொடுத்ததும் கட்டி கரைகின்றது; நோயாளி எழுந்து நடமாடுகின்றார்; வீட்டில் மகிழ்ச்சி நிலவுகின்றது. சில காலத்தின் பின் நோய் திரும்பி வருகின்றது. முன்பு பயன் தந்த அதே மருந்து இப்போது பயன் தருவதில்லை. இஃது ஏன் என்று ஆராய்வதற்கே உலகின் பல ஆய்வுகூடங்களில் இளம் விஞ்ஞானிகள் அமர்த்தப்படுகின்றனர். அவர்கள் செய்யும் பணி யாது என்பதை இங்கு நோக்குவோம்.

பொஸ்டன் நகரத்துப் பிள்ளைகள்

1947 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், குருதிப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அமினோப்தெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அம்மருந்தை ஆக்கியளித்த லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் அறிந்து மகிழவேண்டிய செய்தி. மருந்து பெற்ற 16 பிள்ளைகளுள் 10 பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டதென 1948 இல் பார்பர் குழுவினர் அறிவித்தனர். மரணப்படுக்கையிற் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். ஆனால் அந்த நலம் நிலைக்கவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கியது.

காரணத்தை ஒரு வயலைக் கொண்டு விளக்கலாம். களைகொல்லி தெளித்த வயலில் ஆயிரம் களைகள் மடிந்து, நஞ்சைத் தாங்கவல்ல ஒன்று மட்டும் தப்பினாற் போதும். அதன் விதைகளே அடுத்த பருவத்தில் வயலை நிரப்பும். ஒரு சிறு கட்டியிலும் பல கோடிக் கலங்கள் உள்ளன. அவையாவும் ஒரே தன்மையன அல்ல. மருந்தைத் தாங்கவல்ல சில கலங்கள் தொடக்கத்திலேயே அவற்றுள் மறைந்திருத்தல் கூடும். மருந்து மற்றவற்றை அழித்து, அவற்றுக்கு இடம் வகுத்துக் கொடுத்துவிடுகின்றது.

கலங்களின் தந்திரங்கள்

1976 ஆம் ஆண்டில், கனடாவின் ரொறொன்ரோ நகரில் ருடொல்ப் ஜூலியானோ, விக்டர் லிங் ஆகிய இருவரும் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். சீன ஹம்ஸ்டர் என்னும் எலியினத்தின் கலங்களை, கொல்சிசின் என்னும் நஞ்சுக்கு அஞ்சாதவையாக வளர்த்து ஆராய்ந்தபோது, அவற்றின் மென்சவ்விலே ஒரு புரதம் மிகுந்திருக்கக் கண்டனர். நம் வேலியோரத்துக் கார்த்திகைக் கிழங்கில் உள்ள நஞ்சும் இந்தக் கொல்சிசினே. கலத்தினுள் நுழையும் மருந்தை, வள்ளத்தினுட் புகும் நீரை இறைப்பது போல, அப்புரதம் வெளியே இறைத்துவிடுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. வியப்பு யாதெனில், அது ஒரு மருந்தை மட்டும் இறைப்பதன்று. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் போன்ற வேறு மருந்துகளையும் அது வெளியேற்றும்.

அப்படியானால் அந்தப் பம்பியை அடைத்துவிட்டால் என்ன? இவ்வாறே பலர் எண்ணினர். பல மருந்துகளைச் சோதித்தனர். ஆனால் அதே பம்பி நமது குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் குருதிக் குழாய்களிலும் நஞ்சகற்றும் காவலனாக விளங்குகின்றது. காவலனைக் கட்டிப்போட்டால் வீட்டுக்கும் கேடு விளையும் அன்றோ? எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை.

வேறு தந்திரங்களும் உள. மருந்து தாக்கும் நொதியத்தை மிகுதியாக உண்டாக்கிக்கொள்வது ஒன்று. இதற்கென ஒரு பரம்பரையலகு பல படிகளாகப் பெருகுவதை 1978 இல் ரொபேட் ஷிம்கே குழுவினர் காட்டினர். சேதமுற்ற பரம்பரைப் பொருளைத் திருத்திக்கொள்வது மற்றொன்று. வளர்ச்சியை ஒடுக்கி உறங்குவது போலக் கிடந்து, ஆபத்து நீங்கியபின் விழிப்பது இன்னொன்று.

பூட்டை மாற்றிய கள்வன்

இமாற்றினிப் மருந்தின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. நாட்பட்ட ஒருவகைக் குருதிப் புற்றுநோயில், இரு நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஒரு கெட்ட புரதம் தோன்றுகின்றது. அப்புரதத்தின் பூட்டிற் சரியாகப் பொருந்தும் திறவுகோல் போன்றது இமாற்றினிப். 2001 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. முதற் சிகிச்சையாக அதனைப் பெற்றோரை 10 ஆண்டுகளுக்கு மேல் அவதானித்த பெரும் ஆய்வொன்றில், நூற்றுக்கு 83 பேர் 10 ஆண்டுகளின் பின்னும் உயிருடன் இருப்பரென மதிப்பிடப்பட்டது.

எனினும் சிலரிடம் மருந்து தோற்றது. 2001 இலேயே சார்ள்ஸ் சோயர்ஸ் குழுவினர், நோய் திரும்பிய 9 பேரின் கலங்களை ஆராய்ந்தனர். அவர்களுள் 6 பேரிடம், புரதத்தின் 315 ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோவமிலம் மாறியிருந்தது. கள்வன் பூட்டை மாற்றிவிட்டான்! ஆனால் மாற்றம் எதுவென்று அறிந்தமையாற் புதிய திறவுகோலை வடிக்க முடிந்தது. அந்த மாற்றத்தையும் வெல்லும் பொனாற்றினிப் 2012 இல் அனுமதி பெற்றது. சிலருக்கு அது குருதிக் குழாய்களில் ஆபத்தை விளைத்தமையால், மிகுந்த அவதானத்துடன் வழங்கப்படுகின்றது.

இளம் ஆராய்ச்சியாளரின் நாட்கள்

கலாநிதிப் பட்டம் பெற்றவர் ஒருவர், தனித்த விஞ்ஞானியாக நிலைபெறுமுன், மூத்தவர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் ஏற்கும் தற்காலிகப் பதவியே இத்தகைய ஆராய்ச்சிகளுக்குத் தோள் கொடுக்கின்றது. பெரும்பாலும் அது சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அக்காலத்தினுள் அவர் கலங்களை 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்த்து, சிறிதளவு மருந்தூட்டி, தப்பியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக ஊட்டி, இவ்வாறே மாதக்கணக்கில் தொடர்கின்றார். அருகிலே மருந்து காணாத தாய்க் கலங்களையும் பேணுகின்றார். இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பரம்பரையலகு மாறியது, எந்தப் புரதம் மிகுந்தது என்று தேடுகின்றார். மாறியது ஒன்றைக் கண்டாலும் போதாது. அதனை நீக்கினால் மருந்து மீண்டும் வேலை செய்கின்றதா என்றும் காட்டவேண்டும்.

கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையென்றும் திருநாளென்றும் இல்லை. கிருமி புகுந்தால் பல மாத உழைப்பு ஒரே நாளில் வீணாகும். ஒரு கலவகை மற்றொன்றோடு கலந்துவிட்டாலோ முடிவே பிழைத்துப்போகும். பிழையான முடிவை நம்பி நோயாளிகளிடம் சோதனை நடத்துவதைவிடக் கேடு வேறில்லை. ஆகவேதான் விரைவினும் நேர்மையே இங்கு பெரிதும் வேண்டப்படுகின்றது. பதவிக்காலம் முடியுமுன் ஏதேனும் முடிவு காட்டவேண்டுமென்ற நெருக்கடியிலும் அந்த நேர்மையைக் காப்பதே அவருக்குரிய சோதனை.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. ஒரு மருந்துக்குத் தப்பும் கலம் மற்றொன்றுக்குத் தப்பாதென்ற எண்ணத்தில், எமில் பிறீறைக், எமில் பிறை ஆகிய மருத்துவர்கள் 1960 களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்தனர். அவ்வழியிலே படிப்படியாக முன்னேறியதனால், பொஸ்டனில் அன்று பிள்ளைகளைக் கொன்ற நோய்களுள் முதன்மையான ஒன்றிலிருந்து, வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

குடும்பத்தவர்க்கு ஒரு சொல். நோய் திரும்பினால் நோயாளியையோ வைத்தியரையோ நொந்து பயனில்லை, மாறியது கலமே. ஆயினும் மருந்தை வேளை தவறவிடுதலும், சுகம் கண்டதும் வைத்தியரைக் கேளாது நிறுத்துதலும் நோய்க்கு இடங்கொடுக்கும் என்பதை மறவாதிருப்போமாக.

மாணவரே, இன்று நீங்கள் கற்கும் இரசாயனமும் உயிரியலும் கணிதமும் இப்பணியில் ஒன்றுகூடுகின்றன. நேற்று வென்ற மருந்து இன்று ஏன் தோற்றது என்ற வினாவுக்கு விடை காணாத நோயாளிகள் இன்னும் பலர் உளர். அவ்விடையைத் தேடும் ஆய்வுகூடங்களிற் பொறுமையுள்ள கைகளுக்கு என்றும் இடமுண்டு.