ஒரு கடற்படை, ஐந்து கடல்கள்!



போன செமஸ்டரில் ஒரு நாள் ராத்திரி, ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. அடிதடி இல்லீங்க, வாய்ச்சண்டைதான். எலெக்ட்ரிக்கல் நண்பன் போட்டித் தேர்வுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உலகத்துல பெரிய கடற்படைகள்ல ரஷ்யாவோடதும் ஒண்ணுடா" என்றான். சிவில் நண்பன் விடவில்லை. "பெரிய கப்பலே இல்லாத உக்ரைன்கிட்ட கப்பலைப் பறிகொடுத்தவங்க எப்படிடா பெரிய கடற்படை?" என்றான். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம்!

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்க அப்பா. அவர் சங்ககிரி பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. யாராவது முதலாளி வந்து, "என்கிட்ட பத்து வண்டி இருக்கு" என்று பெருமை பேசினால் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "அதுல எத்தனைங்க ரோட்டுல ஓடுது?"

அதே கேள்வியை ரஷ்யக் கடற்படையைப் பார்த்துக் கேட்டால் என்ன என்று தோன்றியது. லைப்ரரியில் தேடிப் படித்ததில் கிடைத்த பதிலைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வரைபடம்

ரஷ்யாவின் வரைபடத்தை எடுத்து வையுங்கள். நம் இந்தியாவுக்கு இரண்டு பக்கம் கடற்கரை. மும்பையில் இருக்கும் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு சில நாட்களில் விசாகப்பட்டினம் போய்விடும். ரஷ்யாவின் கதை அப்படி இல்லை. அதன் கடல்கள் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவில் பனிக்கட்டி, இல்லையென்றால் மற்ற நாடுகளின் ஜலசந்தி. அதனால் அந்த நாட்டுக் கடற்படை ஒரே படையாக இருக்க முடியாது. நான்கு பெரிய படைகள், ஒரு சிறுபடை என்று ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறது. மொத்தத் தலைமை அலுவலகம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. வடக்குப் படை

தலைமையிடம் செவெரோமோர்ஸ்க். மூர்மான்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அவ்வளவு வடக்கே போனால் கடல் உறைந்து போகாதா? இங்கேதான் இயற்கையின் விசித்திரம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தத் துறைமுகத்தை உறையாமல் காப்பாற்றுகிறது. தடையில்லாமல் பெருங்கடலுக்குப் போக வழி இருப்பதால் ரஷ்யாவின் பெரிய பெரிய கப்பல்கள் இங்கேதான்.

இதன் உயிர்நாடி அணுசக்தி நீர்மூழ்கிகள். 'போரெய்' வகை நீர்மூழ்கி ஒவ்வொன்றும் 16 'புலவா' ஏவுகணைகளைச் சுமக்கும். முதலாவது 2013-இல் படையில் சேர்ந்தது. 2025 ஜூலைக்குள் எட்டு சேர்ந்துவிட்டன. அதில் மூன்று இங்கே, ஐந்து பசிபிக்கில். 1980-களில் வந்த டெல்டா-4 வகையில் மிச்சமிருப்பவையும் இங்கேதான். கப்பல்களையும் தரை இலக்குகளையும் தாக்கும் 'யாசென்' வகை நீர்மூழ்கிகள் 2024 டிசம்பர் வரை ஐந்து சேர்ந்தன. மூன்று வடக்கில், இரண்டு பசிபிக்கில். தண்ணீருக்கு மேலே 'மார்ஷல் உஸ்தினோவ்' குரூஸர், புதிய 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' வகை ஃபிரிகேட்கள் மூன்று ஆகியவை முக்கியமானவை.

2. பசிபிக் படை

தலைமையிடம் விளாடிவோஸ்டாக். அணுசக்தி நீர்மூழ்கிகள் நிற்பது அங்கே அல்ல, இன்னும் வடக்கே கம்சத்கா தீபகற்பத்தில் உள்ள வில்யூச்சின்ஸ்க்கில். கொடிக்கப்பல் 'வர்யாக்' குரூஸர். டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கிகளில் புதிய கிலோ வகை ஆறு இந்தப் படைக்காகக் கட்டப்பட்டன. ஆறாவது 'யாகுட்ஸ்க்', 2025-இல் சேர்ந்தது. சோவியத் காலத்து 'உதலோய்' வகைப் போர்க்கப்பல்களும் இன்னும் ஓடுகின்றன. நம்மை விட இருபது வயது மூத்த கப்பல்கள்!

3. பால்டிக் படை

பீட்டர் மன்னர் காலத்திலிருந்தே இருக்கும் பழைய படை. பால்டிய்ஸ்க், க்ரோன்ஸ்டாட் என்று இரண்டு தளங்கள். பெரும்பாலும் கார்வெட் போன்ற சிறிய கப்பல்கள். 2023 ஏப்ரலில் பின்லாந்தும், 2024 மார்ச்சில் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தபிறகு, பால்டிக் கடலின் கரையில் ரஷ்யாவைத் தவிர மற்ற எல்லா நாடுகளும் நேட்டோ நாடுகள்தான். நாலு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரனின் வேலி, நடுவில் நம்ம கிணறு என்கிற மாதிரி!

4. கருங்கடல் படை

தலைமையிடம் கிரீமியாவில் உள்ள செவஸ்தபோல். சோவியத் யூனியன் 1991-இல் உடைந்தபோது இந்தப் படை யாருக்கு என்று ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் பெரிய தகராறு. 1997-இல் சொத்துப் பிரித்தார்கள். ரஷ்யாவுக்கு 81.7 சதவீதம், உக்ரைனுக்கு 18.3 சதவீதம்.

2022 போரில் அதிகம் அடிபட்டது இந்தப் படைதான். 2022 ஏப்ரல் 14 அன்று கொடிக்கப்பல் 'மாஸ்க்வா' மூழ்கியது. தங்கள் நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கின என்றது உக்ரைன். தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது என்றது ரஷ்யா. 2023 செப்டம்பர் 13 அன்று செவஸ்தபோல் ட்ரை டாக்கில் நின்றிருந்த 'மின்ஸ்க்' என்ற கப்பலும், 'ரொஸ்தோவ்-நா-தொனு' நீர்மூழ்கியும் ஏவுகணைத் தாக்குதலுக்கு ஆளாயின. 2024 பிப்ரவரி 14 அன்று 'த்ஸேசர் கூனிகோவ்' என்ற 112 மீட்டர் நீளக் கப்பல் மூழ்கியது. மூழ்கடித்தவை 'மகுரா' என்னும் ஆளில்லாப் படகுகள். ஒவ்வொன்றும் சுமார் 5.5 மீட்டர்தான்! ஆட்கள் யாரும் இல்லாமல், தூரத்திலிருந்து ரிமோட்டில் ஓட்டுவது. அதன்பிறகு பல ரஷ்யக் கப்பல்கள் கிழக்கே நொவரொஸிஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கிவிட்டன.

5. காஸ்பியன் சிறுபடை

காஸ்பியன் கடல் என்பது உண்மையில் நாலாபக்கமும் நிலம் சூழ்ந்த பெரிய ஏரி. "ஏரியில் எதுக்குங்க கடற்படை?" என்று நானும் நினைத்தேன். 2015 அக்டோபர் 7 அன்று இந்த ஏரியிலிருந்த நான்கு சிறிய கப்பல்கள் 26 'கலிபர்' ஏவுகணைகளைச் செலுத்தின. அவை ஈரான், ஈராக் வானத்தின் வழியே சுமார் 1500 கிலோமீட்டர் பறந்து சிரியாவில் போய் விழுந்தன. கப்பல் சின்னது என்று ஏளனமாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. 1952-இல் திறந்த வோல்கா-தோன் கால்வாய் வழியாக இந்தச் சின்னக் கப்பல்கள் கருங்கடல் பக்கம் போய்வரலாம். கால்வாயின் லாக் தொட்டிக்குள் அடங்குகிற அளவுதான் கணக்கு. பெரிய கப்பலுக்கு அந்த வழி கிடையாது.

கூட்டினால் விடை வருமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஐந்தையும் கூட்டி ஒரு எண்ணைச் சொல்வதுதான் பொது அறிவுப் புத்தகம் செய்வது. ஆனா ஒரு படைக்கு ஆபத்து என்றால் இன்னொரு படை ஓடி வர முடியுமா?

1904-இல் ஜப்பானோடு போர். கிழக்கே இருந்த ரஷ்யக் கப்பல்கள் போர்ட் ஆர்தரில் மாட்டிக்கொண்டன. உதவிக்கு பால்டிக்கிலிருந்து ஒரு படை அக்டோபரில் கிளம்பியது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடல் என்று சுமார் 33,000 கிலோமீட்டர், ஏழு மாதப் பயணம். அவர்கள் பாதி வழியில் இருக்கும்போதே, 1905 ஜனவரியில் போர்ட் ஆர்தர் விழுந்துவிட்டது. கடைசியில் மே 27, 28 தேதிகளில் சூஷிமா ஜலசந்தியில் ஜப்பானிய அட்மிரல் டோகோ காத்திருந்து அடித்தார். ரஷ்யர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்தவை மூன்றே கப்பல்கள்.

"அது அந்தக் காலம்" என்கிறீர்களா? 2022-க்கு வாருங்கள். கருங்கடலுக்கு ஒரே கடல்வாசல் துருக்கியின் கையில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு மாண்ட்ரூ ஒப்பந்தப்படி, 2022 பிப்ரவரி 28 அன்று துருக்கி அந்த வாசலைப் போர்க்கப்பல்களுக்கு மூடியது. 'மாஸ்க்வா' மூழ்கியபோது அதே வகையைச் சேர்ந்த 'மார்ஷல் உஸ்தினோவ்', 'வர்யாக்' இரண்டும் வடக்கிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் வந்து மத்தியதரைக் கடலில் நின்றுகொண்டிருந்தன. வாசலுக்கு வெளியேதான்! ஆனா உள்ளே போக முடியவில்லை. கணக்கில் மூன்று, களத்தில் ஒன்று. அந்த ஒன்றும் போய்விட்டது.

எஞ்சின் எங்கே?

மெக்கானிக்கல் மாணவர்களே, இந்தப் பகுதி நமக்கானது. கோர்ஷ்கோவ் வகை ஃபிரிகேட்டில் இரண்டு விதமான எஞ்சின். சாதாரணமாகப் போக ஒவ்வொன்றும் 5,200 குதிரைத்திறன் உள்ள இரண்டு டீசல் எஞ்சின்கள். வேகமாகப் பாய 27,500 குதிரைத்திறன் உள்ள இரண்டு கேஸ் டர்பைன்கள். டர்பைன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும். ப்ரொப்பெல்லரோ மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு பெரிய ரிடக்ஷன் கியர் பாக்ஸ். நாம் லேத்தில் பார்க்கும் அதே தத்துவம்தான், அளவுதான் வேறே.

சோவியத் காலத்தில் கப்பல் டர்பைன் செய்தது மிக்கோலாயிவ் நகரத்து 'ஸோர்யா-மாஷ்ப்ரொயெக்ட்' தொழிற்சாலை. அந்த ஊர் இன்று உக்ரைனில். 2014-இல் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டதும் டர்பைன் வருவது நின்றது. கருங்கடல் படைக்காகத் திட்டமிட்ட ஆறு 'கிரிகோரோவிச்' வகை ஃபிரிகேட்களில் மூன்றுக்குத்தான் எஞ்சின் கிடைத்தது. மற்றவை உடம்பு உண்டு, உயிர் இல்லை என்று நின்றன.

அவற்றில் இரண்டை வாங்கியது யார் தெரியுமா? நம்ம இந்தியா! டர்பைனை உக்ரைனிடமிருந்து நாமே வாங்கிக் கொடுத்தோம். கப்பலை ரஷ்யாவின் கலினின்கிராட் நகரத்தில் முடித்தார்கள். 2024 டிசம்பரில் ஐ.என்.எஸ். துஷில், 2025 ஜூலையில் ஐ.என்.எஸ். தமால் என்று நம் கடற்படையில் சேர்ந்தன. ரஷ்யாவே சொந்தமாக டர்பைன் செய்து, அதைப் பொருத்திய முதல் ஃபிரிகேட் 'அட்மிரல் கொலொவ்கோ' படையில் சேர்ந்தது 2023 டிசம்பரில். ஒரு எஞ்சினுக்காகக் கிட்டத்தட்ட பத்து வருஷம்!

டாக் மூழ்கினால்?

ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல் 'அட்மிரல் குஸ்நெத்சோவ்'. 2017-இல் ரிப்பேருக்குப் போனது. நின்றது பிடி-50 என்ற மிதக்கும் டாக்கில். மிதக்கும் டாக் எப்படி வேலை செய்கிறது? அதன் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பினால் கீழே இறங்கும், கப்பல் உள்ளே வரும். பம்ப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினால் கப்பலோடு மேலே எழும். 2018 அக்டோபர் 30 அன்று கரண்ட் போனது. பம்ப் நின்றது. டாக் மூழ்கிவிட்டது! கப்பல் தப்பியது, ஆனா ஒரு கிரேன் மேல்தளத்தில் விழுந்து ஓட்டை போட்டது. 2019 டிசம்பரில் வெல்டிங் வேலையின்போது தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் ரஷ்யக் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைவர் அந்திரேய் கோஸ்தின், அதை இனி ரிப்பேர் செய்வதில் அர்த்தமில்லை, விற்கவோ உடைக்கவோதான் வேண்டும் என்ற கருத்தில் பேசினார். இத்தனை வருஷமும் பட்டியலில் மட்டும் 'விமானந்தாங்கி - 1' என்று இருந்தது!

'அட்மிரல் நகிமோவ்' குரூஸர் கதையும் இதேதான். 1999-இல் உள்ளே போன கப்பல் 2025 ஆகஸ்டில்தான் கடல் சோதனைக்கு வெளியே வந்தது. 26 வருஷம்! என் வயசைவிட அதிகம்.

உள்ளே இருப்பவர்கள்

ரிப்பேர் என்றால் ஏதோ இரும்பு சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2000 ஆகஸ்ட் 12. வடக்குப் படையின் 'குர்ஸ்க்' நீர்மூழ்கி பயிற்சிக்குப் போயிருந்தது. ஒரு டார்ப்பிடோவில் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்தது. இரண்டே நிமிடத்தில் இன்னொரு பெரிய வெடிப்பு. 118 பேர் இறந்தார்கள். அதில் 23 பேர் கடைசி அறையில் சில மணி நேரம் உயிரோடு இருந்தார்கள். கடல் ஆழம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ரஷ்ய மீட்புக் கலங்கள் பலமுறை முயன்றும் கதவோடு பொருந்த முடியவில்லை. ஆகஸ்ட் 21 அன்று நார்வே நாட்டு முக்குளிப்பவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

பட்டியலில் 'குர்ஸ்க்' அன்று வரை நல்ல கப்பல்தான். ஐந்து வயசுப் புதுக் கப்பல்.

நண்பர்களே, மெஸ் சண்டைக்கு இப்போது என் தீர்ப்பு: இரண்டு பேர் சொன்னதும் சரி! தண்ணீருக்கு அடியில் ரஷ்யக் கடற்படை இன்றும் பெரிய சக்தி. தண்ணீருக்கு மேலே அது ஐந்தாகச் சிதறிக் கிடக்கிறது, எஞ்சினுக்கும் டாக்குக்கும் காத்துக் கிடக்கிறது. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் ரிஜிஸ்டர் எழுதத்தான் போகிறோம். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன்னாடி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுவோம். அதை நம்பி உள்ளே ஆள் இருப்பான்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "டாக்குக்கு ஜெனரேட்டர் வெச்சிருக்க வேணாமாப்பா?" என்றார்.