உடல் எழுதிய கணக்கு

ஒரு விடை சரியா என்று அறிய, அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். வேறொரு முறையால் போட்டுப் பார்ப்பது அதனினும் சிறந்தது. துயரம் மிகுந்த கணக்கு ஒன்றை அறிஞர்கள் அவ்வாறு சோதித்த வரலாற்றை இன்று கூறுகிறேன்.

1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வெடித்தன. பிழைத்தோர் எவரிடமும் கதிர்வீச்சை அளக்கும் கருவி இல்லை. எனவே, "அவ்வேளையில் எங்கே இருந்தீர்கள்? வீட்டினுள்ளா, வெளியிலா?" என்று ஆண்டுகள் கழித்து அவர்களை வினவினர். தூரத்தையும், இடையே நின்ற சுவர் கூரைகளையும் கொண்டு ஒவ்வொருவர் பெற்ற அளவையும் கணித்தனர். இக்கணிப்பு முறை 1965, 1986, 2002 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும், நினைவு பிசகினால் கணக்கும் பிசகுமன்றோ?

இங்கேதான் உடல் சாட்சி சொல்ல வந்தது. கதிர்வீச்சு பட்ட இரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் முறிந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இவ்வடு பல்லாண்டுகள் நிலைக்கும். அளவு மிகுந்தால் வடுவுள்ள அணுக்களும் மிகும். ஒரே அளவு பெற்றதாகக் கணிக்கப்பட்டோருள், தலைமயிர் பெரிதும் உதிர்ந்தவரை உதிராதவரோடு ஒப்பிட்டனர். உதிர்ந்தவரிடமே வடு மிகுந்திருந்தது. தனியொருவரின் கணிப்பில் 45 முதல் 50 விழுக்காடு வரை பிழை இருந்தால் இவ்வேறுபாடு முழுவதும் விளங்கும் என்று 1991-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

நாகசாகித் தொழிற்சாலைகளில் இருந்தோரிடமோ வடு எதிர்பார்த்ததினும் குறைவு. இயந்திரங்களும் இரும்பும் கதிரைத் தடுத்ததைப் பழைய கணக்கு போதிய அளவு கருதவில்லை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இக்குறை கவனிக்கப்பட்டது.

பல்லும் ஒரு சாட்சி. பல்லின் எனாமல் உருவானபின் புதுப்பிக்கப்படுவதில்லை; கதிர் அதில் விளைத்த மாற்றம் அப்படியே தங்கும். சிகிச்சைக்காகப் பிடுங்கிய பற்களை ஆராய்ந்தபோது, பல் கூறிய அளவு குரோமோசோம் கூறியதோடு நன்கு பொருந்தியது. இச்சாட்சியையும் கண்மூடி ஏற்கலாகாது. பின்னாளில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களும், முன்பற்களில் படும் வெயிலும் அதில் பதியக்கூடும்.

இத்துணை ஆராய்ச்சி எதற்கு? குறைவாகக் கதிர் பட்டோர் சிலர் மிகுதியாகப் பட்டோர் பட்டியலில் சேர்ந்துவிட்டால், கதிரின் தீமை மெய்யினும் சிறிதாகத் தோன்றும். எக்ஸ்-கதிர் அறைகளிலும் அணு உலைகளிலும் பணிபுரிவோருக்கு உலக நாடுகள் வகுத்துள்ள பாதுகாப்பு வரம்புகளுக்கு, இப்பிழைத்தோரின் வரலாறே முதன்மையான அடிப்படைகளுள் ஒன்று. ஒரு நகரத்தின் கணக்கில் நேர்ந்த பிழை, எங்கோ பணிபுரியும் ஒருவரின் நலனைத் தாக்கும். தம் பிழையைத் தாமே தேடிச் சென்று அளப்பது அறிவியலின் கடமை மட்டுமன்று, அறமும் ஆகும்.