மாரி மழையும் இரவல் காணித் தோட்டமும்

வடக்கில் வருடம் முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களிலேயே பெய்து விடுகிறது. இந்நாட்களில் கூலிவேலை குறைவு. கொட்டிலுக்குள் முடங்கியிருக்க நேரிடுகிறது. "இரவல் காணியில் தோட்டம் செய்து என்ன பயன்?" என்று பல குடும்பங்கள் எம்மிடம் கேட்டிருக்கின்றன. நியாயமான கேள்விதான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது காணியையும் கிணற்றையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஆனால் ஒரு போத்தல் விதை எங்கும் கையோடு வரும். ஆகவே, எடுத்துச் செல்லக் கூடியவற்றையும் விரைவில் பலன் தருபவற்றையும் முதலில் கவனிப்போம்.

மழை பெய்யும்போது

விதைகளைச் சோதியுங்கள். பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பயற்றை நான்கைந்து நாளில் முளைக்கும். மிளகாய், கத்தரிக்குப் பத்து நாள் வரை செல்லும். ஏழுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் முளைத்தால் இரட்டிப்பாக விதைக்க வேண்டும். எண்ணிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். மாரியில் விதை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். எனவே நன்கு உலர்ந்த விதையை, அடியில் உலர்ந்த விறகுச் சாம்பல் இட்ட போத்தலில் போட்டு இறுக மூடுங்கள். பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

பழைய உரப்பைகளை வெட்டித் தைத்து அடியில் துளையிட்டு, மேல்மண்ணும் உக்கிய எருவும் சம அளவில் நிரப்புங்கள். தாழ்வாரத்தில் வைத்து மிளகாய், கத்தரி நாற்றுகளை வளர்க்கலாம். திறந்த வெளியில் பெருமழை நாற்றைச் சாய்த்துவிடும். ஈரம் மிகுந்தால் அடியழுகலும் வரும். இடம்பெயர நேர்ந்தாலும் பை கூடவே வரும்.

மண்வெட்டி, கத்தியைத் துடைத்துத் தீட்டி எண்ணெய் பூசுங்கள். கூட்டெருக் குவியலைக் கிடுகால் மூடுங்கள். இல்லாவிடில் அதன் சத்து மழைநீரோடு போய்விடும்.

வளவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை மழை நாளில்தான் சரியாகப் பார்க்கலாம். அவ்விடங்களில் தடி நட்டு அடையாளம் வையுங்கள்.

மழை ஓய்ந்ததும்

ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி உதிராமல் நின்றால் அன்று கொத்த வேண்டாம். ஈரமண்ணை மிதித்தால் அது இறுகி, வேருக்குக் காற்றுப் போகாது. உதிர்ந்தால், அடையாளமிட்ட இடத்திலிருந்து வாய்க்கால் வெட்டுங்கள். பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். முளைக்கீரை ஒரு மாதத்திலும், பயற்றையும் வெண்டியும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்திலும் பலன் தரும். பனம் பாத்தி போட்டவர்கள் அதனுள் நீர் தேங்க விடக்கூடாது, கிழங்கு அழுகிவிடும்.

வேலிக்குக் கதியால் நட இதுவே காலம். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, முருங்கை ஆகியன மாரி ஈரத்தில் தாமாக வேர் பிடிக்கும். சீமைக்கிளுவை இலை நல்ல பசளை. முருங்கை இலை நல்ல கறி. காணிக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது. வேலி அவருக்கும் நன்மைதான்.

அவதானம்

தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். கால் கையில் காயமிருந்தால் இறங்க வேண்டாம். காய்ச்சலும் தசைநோவும் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள். போர் நடந்த இடங்களில் வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்து கிடந்த வெடிபொருளை வெளிக்கொணரலாம். அறியாத பொருள் எதையும் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

இரவல் காணியில் விளைந்தாலும் கீரை பிள்ளைகளின் கோப்பைக்குத்தான் வரும். அதில் இரண்டு செடியை வெட்டாமல் விதைக்கு விடுங்கள். சொந்த மண்ணுக்குத் திரும்பும் நாளில் முதற் பாத்திக்கு அந்த விதை உதவும்.