துபாஷ் என்றொரு குடும்பப் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றும் அலுவலகத்துக்குப் பெயர்ப்பட்டியல் ஒன்று தமிழாக்கத்துக்காக வந்தது. மும்பையைச் சேர்ந்த பார்ஸி மக்கள் பலருடைய பெயர்கள் அதில் இருந்தன. மிஸ்திரி, வக்கீல், கான்ட்ராக்டர் என்று தொழிலையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் அவர்களுள் பலர். அப்பெயர்களையெல்லாம் உள்ளவாறே எழுதிய இளைய நண்பர் ஒருவர், 'துபாஷ்' என்ற சொல்லைக் கண்டதும் அது பெயரன்று, உத்தியோகம் என்று கருதி, 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதிவிட்டார். சரிபார்க்க வேண்டிய நாமும் அதைக் கவனியாமல் ஒப்பமிட்டு அனுப்பினோம். தாள் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தபோதுதான், ஒரு குடும்பத்தின் பெயரையே அழித்துவிட்டோம் என்பது தெரிந்தது.

பிழை பிழைதான். ஆயினும் அப்பிழையினுள் ஓர் உண்மையும் இருந்தது. துபாஷ் என்பது நம் தொழிலின் பழம்பெயரே ஆகும். அது எந்த ஊரில், யாருடைய குடும்பத்துக்குப் பெயராக நிலைத்தது என்று ஆராயும்போது ஒரு விந்தை புலப்படுகிறது. இரு மொழிகளுக்கு நடுவே நின்று பேசிய துபாஷிகள் பேரும் புகழும் பெற்று விளங்கிய ஊரில் அது குடும்பப் பெயராகவில்லை. அந்த வேலை வேறொரு வேலையாக மாறிவிட்ட ஊரிலேதான் அது குடும்பப் பெயராயிற்று. அதன் காரணத்தை விளக்க முயல்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வடமொழியில் 'த்வி' என்றால் இரண்டு. 'பாஷா' என்றால் மொழி. இரு மொழி வல்லவன் 'த்விபாஷி'. வடநாட்டு மொழிகளில் இது 'துபாஷி' என்றும், 'தோபாஷி' என்றும், 'துபாஷியா' என்றும் திரிந்து வழங்கிற்று. தமிழில் 'துபாசி' ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனில் இச்சொல்லைக் காணலாம். ஆங்கிலேயர் நாவில் ஈற்றுயிர் தேய்ந்து 'துபாஷ்' என்று நின்றது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதியிலும், ஆங்கிலத்திற் புகுந்த இந்தியச் சொற்களுள் ஒன்றாக இஃது இடம்பெற்றுள்ளது.

இச்சொல் மிகுந்த செல்வாக்குடன் திகழ்ந்த இடம் சோழமண்டலக் கடற்கரை. 1639-ஆம் ஆண்டு பிரான்ஸிஸ் டே என்பார் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றபோது, அவருக்குத் துணை நின்று பேசியவர் பேரி திம்மப்பர் என்னும் வணிகர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் துபாஷி இன்றி எந்த வெள்ளைக்காரரும் இங்கே வாணிகம் செய்ததில்லை எனலாம். ஒருவர் சொல்வதை மற்றொருவருக்குச் சொல்லுவது துபாஷியின் வேலையில் ஒரு பகுதியே. துணி வாங்குதல், நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்தல், கணக்கு வைத்தல், கடன் வாங்கித் தருதல், வேலையாட்களை அமர்த்துதல் ஆகிய அனைத்தும் அவர் கையிலேயே இருந்தன.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் கவர்னர் தூப்ளேக்ஸிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை நேயர்கள் அறிவர். 1709-ஆம் ஆண்டு பிறந்து 1761-ஆம் ஆண்டு மறைந்த அவர், 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, நம் வரலாற்றுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பித்து 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. சென்னையில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-ஆம் ஆண்டு காலமாவதற்கு முன் எழுதிவைத்த உயில், பிற்காலத்தில் பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கல்வி ஆயிற்று.

இந்தப் புகழுக்கு மறுபக்கமும் உண்டு. ஆனந்தரங்கருக்கு உறவினரான நைனியப்ப பிள்ளை, புதுச்சேரியில் தலைமைத் தரகராக இருந்தவர். 1716-ஆம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டுக் கசையடியும் சிறைத்தண்டனையும் பெற்றார். மறு ஆண்டே சிறையில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று பின்னரே தீர்ப்பு மாறிற்று. சென்னையில் கவர்னர் ஹாலண்டு சகோதரர்களிடம் துபாஷியாக இருந்த அவதானம் பாப்பையாவோ, ஆங்கில அதிகாரி ஒருவர்மீது சதி செய்ததாக 1792-ஆம் ஆண்டு குற்றவாளிக் கூண்டில் நின்றார். வால்ட்டர் ஸ்காட் என்னும் நாவலாசிரியர் அவரைத் தம் கதையொன்றில் பாத்திரமாகவும் ஆக்கினார். இரு தரப்பாரும் துபாஷியை நம்பியே ஆகவேண்டும். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க அவர்களுக்கு வேறு வழியில்லாமையால், இரு தரப்பாரும் அவரை ஐயுறவும் செய்தனர். மொழிபெயர்ப்பை வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இந்நிலையை எளிதில் உணர்வர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் தமிழ்நாட்டில் துபாஷ் குடும்பம் என்று ஒன்று ஏன் தோன்றவில்லை? நம் வழக்கத்தில் மகனுடைய பெயருக்கு முன் நிற்பது தந்தையின் பெயர் அல்லது ஊரின் பெயர். பின் நின்றது பிள்ளை, முதலியார், செட்டியார் போன்ற சாதிப் பட்டம். தொழிற்பெயருக்கு அங்கே இடமில்லை. துபாஷி என்பது ஒருவர் வகித்த பதவியாகவே இருந்து, அவரோடு முடிந்தது. கணக்கு, மணியம் முதலிய சில கிராமப் பதவிகள் வழிமுறையாக வந்து பெயரோடு ஒட்டியதுண்டு. ஆனால் ஒரு துரைக்கு அமர்ந்த துபாஷியின் பதவி அத்துரை கப்பலேறியதும் போய்விடும். அதனால்தான் இன்று பச்சையப்பர் பெயரைச் சொல்லுகிறோம். அவர் துபாஷி என்பதைச் சேர்த்துச் சொல்லுகிறோமில்லை.

இனி மேற்குக் கரைக்குச் செல்வோம். 17-ஆம் நூற்றாண்டின் இடையில் பம்பாய் போர்ச்சுகீசியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. சூரத்திலும் அதைச் சூழ்ந்த குஜராத் ஊர்களிலும் வாழ்ந்த பார்ஸிகள் சிறிது சிறிதாக அங்கே குடியேறினர். 1736-ஆம் ஆண்டு லௌஜி நஸர்வான்ஜி என்னும் தச்சர் சூரத்திலிருந்து பம்பாய்க்குக் கப்பல் கட்ட வந்தார். அவருடைய குடும்பத்தார் கப்பல் கட்டுவோரைக் குறிக்கும் 'வாடியா' என்ற பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றனர்.

கப்பல் கட்டுவோர்க்கு எத்துணை வேலை இருந்ததோ அத்துணை வேலை வந்து நிற்கும் கப்பலுக்கு வேண்டியன தருவோர்க்கும் இருந்தது. பல திங்கள் கடலில் அலைந்து துறை சேரும் கப்பலுக்குக் குடிநீர், அரிசி, இறைச்சி, காய்கறி, விறகு, கயிறு, பாய்த்துணி எல்லாம் வேண்டும். மூட்டை இறக்க ஆட்களும் வேண்டும். தலைவனுக்கோ ஊரின் மொழி தெரியாது, விலை தெரியாது. அவனுக்காகப் பேசக் கூடியவனே படகிலேறிக் கப்பலுக்குப் போனான். பேசப் போனவன் நாளடைவில் பொருளையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். இவ்வாறு பம்பாயில் துபாஷ் என்ற சொல், மொழிபெயர்ப்பவன் என்ற பொருளை விட்டு, கப்பலுக்குச் சரக்கு அளிக்கும் ஒப்பந்தக்காரன் என்ற பொருளுக்கு நகர்ந்தது. தலைவர்கள் இந்துஸ்தானி கற்ற பின்னும், தரகர்கள் ஆங்கிலம் கற்ற பின்னும், தொழில் நின்றது, சொல்லும் நின்றது. 1869-ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பம்பாய்த் துறையில் கப்பல்கள் பெருகின. துபாஷ்களின் வாணிகமும் பெருகிற்று.

சரியாக இந்தக் காலத்திலேதான் பார்ஸிகளின் பெயரமைப்பு மாறிற்று. முன்னாளில் அவர்கள் தம் பெயரையும் தந்தை பெயரையுமே எழுதிவந்தனர். நீதிமன்றம், பள்ளிக்கூடம், கம்பெனிப் பதிவேடு ஆகிய யாவும் மாறாத மூன்றாம் பெயர் ஒன்றைக் கேட்கவே, 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதைத் தேடிக்கொண்டனர். சிலர் ஊரின் பெயரைக் கொண்டனர். பரூச் நகரத்தார் பரூச்சா, பிலிமோராவினர் பில்லிமோரியா. பலர் அந்நாளில் செய்துவந்த தொழிலின் பெயரைக் கொண்டனர். மது விற்றவர் தாரூவாலா, புட்டி விற்றவர் பாட்லிவாலா, கையில் எப்போதும் ரொக்கம் வைத்திருந்தவர் ரெடிமணி. அவ்வாறே கப்பலுக்குச் சரக்களித்தவர் துபாஷ் ஆயினர். பதிவேட்டில் ஏறிய பெயர் பின் அசையவில்லை. பேரன் மருத்துவராயினும் பொறியாளராயினும் துபாஷ் துபாஷே. மும்பையில் காலா கோடா என்ற பகுதியில், முற்காலத்தில் ராம்பார்ட் ரோ எனப்பட்ட வீதி, இன்று கைகுஷ்ரு துபாஷ் மார்க் என்று பெயர்கொண்டு நிற்கிறது.

ஆகவே ஒரு தொழிற்பெயர் குடும்பப் பெயராவதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும் என்று அறிகிறோம். தொழில் தந்தையிலிருந்து மகனுக்கு இறங்க வேண்டும். தொழிலின் பெயரை ஏற்பது இழுக்கன்று என்று கருதும் சமூகம் வேண்டும். அந்த வேளையில் பெயரைப் பதிந்துகொள்ள எழுதுகோலோடு ஒரு குமாஸ்தாவும் காத்திருக்க வேண்டும். சென்னையில் இம்மூன்றும் ஒருங்கே கூடவில்லை. பம்பாயில் கூடின.

பார்ஸிகள் நீங்கலாக, கொங்கணக் கரையிலும் கன்னடக் கரையிலும் 'துபாஷி' என்று இகர ஈற்றோடு முடியும் குடும்பப் பெயர் உண்டு. கோவாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரும் 2010-ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றவருமான பத்மாகர் துபாஷி இப்பெயர் கொண்டவரே. போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் மொழிபெயர்ப்போருக்கு அரசாங்கப் பதவியே இருந்தது. அவர்களை 'நாக்கு' என்று பொருள்படும் 'லிங்குவா' என்ற சொல்லால் அழைத்தனர். ஒலி ஒன்றுபோலிருக்கும் பெயரையெல்லாம் ஒரே வேருக்கு இழுப்பதும் தவறு. ஆந்திர நாட்டில் 'த்விபாஷ்யம்' என்றொரு வீட்டுப் பெயர் உண்டு. பாஷ்யம் என்பது உரை; பாஷை என்பது மொழி. இவ்விரண்டையும் கலந்துவிடலாகாது.

பெயராகாமல் பதவியாகவே இச்சொல் இன்றும் உயிரோடிருக்கும் இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. வடகிழக்கு மூலையிலுள்ள நாகாலாந்தே அது. 19-ஆம் நூற்றாண்டில் நாகா மலைகளுக்குட் புகுந்த ஆங்கிலேய அதிகாரிகள், மலைவாழ் மக்களின் மொழியும் அஸ்ஸாமிய மொழியும் அறிந்தவர்களைத் 'தோபாஷி' என்று அமர்த்தினர். குலத்துக்குக் குலம் மொழியும் வழக்கமும் வேறுபடும் அம்மலைகளில், மொழி அறிந்தவரே வழக்கமும் அறிந்தவராக இருந்தார். ஆதலால் மொழிபெயர்க்க வந்தவர் நாளடைவில் வழக்குத் தீர்ப்பவரானார். 1963-ஆம் ஆண்டு நாகாலாந்து தனி மாநிலமான பின்னும் அப்பதவி நீங்கவில்லை. நிலத்தகராறு, மணமுறிவு முதலிய வழக்குகளைக் குல வழக்கப்படி தோபாஷிகளின் மன்றம் இன்றும் விசாரிக்கிறது. பம்பாயில் மளிகையாக மாறிய சொல், அங்கே நீதியாக மாறிற்று.

பிற நாடுகளிலும் இதற்கு உறவுப் பெயர்கள் உள்ளன. இங்கிலாந்தில் 'லாட்டிமர்' என்ற குடும்பப் பெயர், லத்தீன் அறிந்தவன், அதாவது மொழிபெயர்ப்பவன் என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சமயக் கொள்கைக்காக 1555-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரிக்கப்பட்ட பாதிரியார் ஹ்யூ லாட்டிமர் அப்பெயரினர். பழைய இசைக்கருவிகளுக்கு இங்கிலாந்தில் புத்துயிர் ஊட்டிய ஆர்னால்டு டோல்மெட்ச் என்பாரின் பெயரும், மொழிபெயர்ப்பவனைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லே.

மும்பையின் துபாஷ் என்றும் பெருகிய பெயரன்று. அதைத் தாங்கும் சமூகமே சிறிது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பார்ஸிகள் 1,14,890 பேர். 2001-இல் இந்தியாவில் 69,601 பேர். 2011-இல் 57,264 பேர். பலர் மணம் புரிவதில்லை. பலர் வயது முதிர்ந்து மணக்கின்றனர். பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். இக்குறைவைத் தடுக்க 2013-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் 'ஜியோ பார்ஸி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் குடும்பங்களுக்குப் பொதுவான பெயர் எளிதில் மறையாது. சில குடும்பங்களே தாங்கும் பெயருக்கு ஒரு தலைமுறையில் ஆண்மகவு இல்லாவிடினும் முடிவு வந்துவிடும். அப்பெயரோடு, கடற்கரையில் படகேறிச் சென்று அந்நியனுக்காகப் பேசிய ஒருவனின் நினைவும் போய்விடும்.

இதை எண்ணும்போதுதான் அன்று பட்டியலில் செய்த பிழை நமக்குப் பெரிதாகத் தோன்றியது. ஒரு சொல்லின் பொருளை அறிவது மொழிபெயர்ப்போனின் கடமை. எந்தச் சொல்லின் பொருளைத் தொடாமல் விடவேண்டும் என்று அறிவதும் அவன் கடமையே. 'துபாஷ்' என்று திருத்தி எழுதி, இம்முறை இருவராகச் சரிபார்த்து அனுப்பினோம்.

நேயர்கள் தத்தம் குடும்பத்தில் வழங்கும் வீட்டுப் பெயர், பட்டப்பெயர், ஊர்ப்பெயர் எதுவாயினும் அதன் காரணத்தை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிவைப்பாராக. பதிவேட்டுக் குமாஸ்தா பெயரை மட்டுமே எழுதுவார். அதன் கதையை வீட்டிலுள்ளோரே எழுதவேண்டும்.