களத்தில் மிரளும் குதிரை: பயிற்சியைத் தொடரலாமா?

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை வாங்கிச் சவாரிக்குப் பழக்குவோர் உண்டு. தோப்பிலும் மண்சாலையிலும் அமைதியாக நடக்கும் குதிரை, வேலி அடைத்த பயிற்சிக் களத்தின் வாயிலுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கிறது. உள்ளே கொண்டு போனால் வாலைச் சுழற்றுகிறது; பல்லை நறநறவென்று கடிக்கிறது; வியர்த்துக் கொட்டுகிறது. "விட்டால் கெட்டுப்போகும், அடித்துப் பழக்கு" என்பார் ஒருவர். "சுழி சரியில்லை, விற்றுவிடு" என்பார் மற்றொருவர். இரண்டுமே அவசர முடிவுகள்.

முதலில் வலியைத் தேட வேண்டும்

கழுத்தில் நுகத்தடிப் புண் உள்ள மாடு, நுகத்தைக் கண்டதும் தலையை விலக்கிக்கொள்ளும். அதைச் சண்டித்தனம் என்று அனுபவமுள்ள விவசாயி சொல்லமாட்டார். புண்ணைத்தான் முதலில் பார்ப்பார். குதிரைக்கும் இதே கணக்குத்தான். ஆனால் குதிரையின் வலி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியவர்களும், சவாரியின்போது குதிரை காட்டும் 24 அறிகுறிகளை வகுத்து 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காதுகளைப் பின்னுக்கு மடக்கி வைத்தல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், வாலை ஓயாமல் வீசுதல், பின்கால் குளம்பைத் தேய்த்து நடத்தல், அடிக்கடி தடுக்குதல், முன்னே செல்ல மறுத்தல் ஆகியவை அவற்றில் சில. இந்த 24-இல் 8 அல்லது அதற்கு மேல் காணப்பட்டால், எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் வலி இருக்க வாய்ப்பு அதிகம். வெளிப்படையாக நொண்டாத குதிரைக்கும் இது பொருந்தும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

பல்: குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆகவே மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும், கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் கூராகிவிடும். கடிவாளத்தை இழுக்கும்போது கன்னமும் நாக்கும் கிழிபடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பல்லைச் சோதித்து அரம் போட்டு ராவ வேண்டும்.

முதுகு: ஒரு குதிரைக்குச் செய்த சேணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும், வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

கால், குளம்பு: நேர்ச்சாலையில் தெரியாத நொண்டல் வட்டத்தில் தெரியும். வட்டமாக ஓடும்போது மூட்டுகளின் மேல் திருகும் பாரம் விழுகிறது. 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் உள்ள களத்தில் குதிரை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியில் நன்றாக நடந்து களத்தில் மட்டும் மிரளுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வயிறு: குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கிறது. உமிழ்நீரோ தீவனத்தை மெல்லும்போதுதான் சுரக்கும். லாயத்தில் கட்டி வைத்துத் தானியம் மிகுதியாகக் கொடுக்கும் குதிரைகளுக்கு, குறிப்பாகப் பந்தயக் குதிரைகளுக்கு, இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். வெறும் வயிற்றில் ஓட்டினால் அமிலம் மேலே தெறித்து எரியும். சவாரிக்குச் சற்று முன் ஒரு கைப்பிடி உலர்புல் கொடுப்பது நலம்.

பழக்கும் முறையில் கோளாறு

உடலில் குறை இல்லையென்றால் பயிற்சி முறையைப் பார்க்க வேண்டும். பந்தயத்தில் வார் இறுகினால் கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஓடக் கற்ற குதிரை அது. களத்திலோ அதே வாரை இறுக்கி "நில்" என்கிறோம். குதிரைக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? சொன்னதைச் செய்த கணமே வாரையும் காலையும் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் குதிரைக்குப் பாடம். செய்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால், எது சரி என்று அதற்குத் தெரியாது.

மிரளும் குதிரைக்குக் கடுமையான கடிவாளம் மாட்டுவது பெருந்தவறு. முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. வலியால் அடங்கிய குதிரை பழகிய குதிரை ஆகாது. சிறு அறிகுறிகளை மதிக்காவிட்டால், அது அடுத்துத் தேர்ந்தெடுப்பது உதைப்பதும் முன்கால் தூக்குவதும்தான். ஏறியிருப்பது சிறுபிள்ளையானால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு செய்வது எப்படி?

மருத்துவர் சோதித்து முடிக்கும்வரை களப் பயிற்சியை நிறுத்த வேண்டும். குறை இருந்தால் அது தீரும்வரை சவாரி கூடாது. பிறகு முதல் வாரம் குதிரையைக் கையில் பிடித்துக் களத்தினுள் நடத்தி, சிறிது புல் கொடுத்து வெளியே கொண்டுவரலாம். உடன் அமைதியான மற்றொரு குதிரை நின்றால் நல்லது. அடுத்து 10 நிமிடம் நடைச் சவாரி. குதிரை அமைதியாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். படிப்படியாக 20, 25 நிமிடம் வரை கூட்டலாம். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் களம், மற்ற நாட்களில் வெளிச் சவாரி என்று மாற்றி வைப்பது சிறந்தது. வெயிலுக்கு முன், விடியற்காலையில் பழக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் காது, வால், வாய், வியர்வை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். ஓய்வில் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். லேசான வேலைக்குப் பின் நெடுநேரம் தணியாவிட்டால் வலியோ அச்சமோ இருக்கிறது எனக் கொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினால் விடை கிடைக்கும். அறிகுறிகள் குறைந்து வந்தால் பயிற்சியைத் தொடரலாம். அப்படியே இருந்தாலோ கூடினாலோ களத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை. மருத்துவர் இசைந்தால் அந்தக் குதிரைக்கு வெளிச் சவாரி இருக்கிறது. விற்க நேர்ந்தாலும், களத்தில் மிரளும் என்பதை வாங்குவோரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்ற குதிரை கைமாறிக் கைமாறி அடிபடும். அதன் மேல் ஏறுபவருக்கும் ஆபத்து.

களத்தில் ஓட மறுத்த குதிரை தோப்புப் பாதையில் பல ஆண்டு உழைக்கக்கூடும். எந்த வேலைக்கு எந்தப் பிராணி என்று அறிந்து பூட்டுவது உழவர் அறிந்த பழைய பாடந்தான்.