தப்பொலியும் கணினியொலியும்

மலையகத் தோட்டங்களின் வாழ்விலே தப்பு என்னும் தோற்கருவிக்குத் தனியிடம் உண்டு. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலே முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது அதன் முழக்கமே. காமன் கூத்திலே இரதியையும் மன்மதனையும் ஆடச் செய்வதும், இறந்தோரை வழியனுப்புவதும் அதுவே. இவ்வொலியைத் தோலும் மரமுமின்றிக் கணினியால் ஆக்கவியலுமா? ஆக்கின் அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளொன்று துணைசெய்கின்றது.

ஒலியலைகளைச் செயற்கையாகப் பிறப்பித்து, வேண்டியவாறு திருத்தி இசையாக்கும் கருவி சின்தசைசர் எனப்படும். 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே மாக்ஸ் மத்தியூஸ் என்பார் கணினியைக்கொண்டு இசையொலி பிறப்பித்தார். அன்று அதற்குப் பேருருவான எந்திரம் வேண்டியிருந்தது. இன்றோ மடிக்கணினியே போதும். இசைப்பதிவு மென்பொருளினுள்ளே பொருத்தி இயக்கத்தக்க செருகுநிரலாகச் சின்தசைசர் சுருங்கிவிட்டது. அவற்றுள் ஒன்று 'சேர்ஜ்' என்பது. கிளாஸ் யோகான்சன் ஆக்கி விலைக்கு விற்ற இந்நிரலின் மூலக்குறியீடு, 2018இல் யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. இப்பொழுது தன்னார்வலர் பலர் அதனைச் 'சேர்ஜ் எக்ஸ்.டி.' என்னும் பெயரால் வளர்த்து வருகின்றனர்.

ஒலியை ஆக்குமுன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். சீரான வட்டத் தோலொன்றை அடித்தால், அடிப்படை மீடிறனோடு அதன் 1.59, 2.14, 2.30 மடங்கான மேற்றொனிகளும் எழும். இவை முழுவெண் மடங்குகள் அல்ல. ஆதலால் தெளிந்த சுரம் தோன்றாது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவிலிட்ட கருஞ்சாந்து இம்மேற்றொனிகளை முழுவெண் மடங்குகளுக்கு அணித்தாகக் கொணர்கின்றது. இவ்வுண்மையைச் சி. வி. இராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934இல் விரிவாகவும் விளக்கினார். தப்பிலே அச்சாந்து இல்லை. சுரத்தினும் தாக்கமே அதன் வலிமை. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஈரக்காற்றிலே தோல் நெகிழ்ந்துவிடும். அதனாலேயே கலைஞர் தீயிலே காய்ச்சி அதனை இறுக்குவர்.

இனி, ஆக்கும் முறையைக் காண்போம். சேர்ஜில் ஒரு பகுதிக்கு மூன்று அலையாக்கிகள் உள. மூன்றிலும் சைன் அலையைத் தெரிந்து, முதலாவதை அடிப்படையிலே நிறுத்துக. இரண்டாவதை அதனினும் எட்டு அரைச்சுரம் உயர்த்தினால் 1.59 மடங்கும், மூன்றாவதைப் பதின்மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேலே உயர்த்தினால் 2.14 மடங்கும் கிட்டும். ஒலி திடீரென எழுந்து விரைவிலே தேயுமாறு அமைத்தல் வேண்டும். குச்சி தோலிலே படும் ஓசைக்கு மிகக் குறுகிய இரைச்சலைச் சேர்த்து, வடிகட்டியாற் செப்பஞ்செய்க. அடித்த கணத்திலே தோலின் இழுவிசை மிகுதலால் மீடிறன் சிறிது உயர்ந்து பின் தாழும். இதனையும் சேர்த்தால் ஒலி உயிர்பெறும்.

ஆயினும் அஃது ஓரடியின் சாயலே. இரு குச்சிகளும் மாறிமாறிப் பேசும் பேச்சையும், கூத்துக்கும் திருவிழாவுக்கும் இழவுக்கும் உரிய வெவ்வேறு அடிகளையும் எந்திரம் தானாக அறியாது. அவை முதிய கலைஞரின் கைகளிலேயே உள்ளன. அக்கலைஞரையோ சமுதாயம் சாதியின் பெயரால் நெடுங்காலம் தாழ்த்தியே வைத்தது. ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலித்தவரை மறப்பின், பழைய அநீதி புதிய எந்திரத்திலும் தொடரும்.

இவ்விடத்தேதான் திறந்த மென்பொருளின் பெருமை விளங்குகின்றது. அதனை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமையுண்டு. பிறநாட்டார் அமைத்துத் தரும் ஒலிகளைப் பயன்படுத்துவதோடு அமையாது, தோட்டத்து மாணவனொருவன் தன் ஊர்த் தப்பின் ஒலியைத் தானே அமைத்து உலகுக்கு வழங்கலாம். அதற்கு முதற்படி கணினியின்முன் அமர்தலன்று. தப்புக் கலைஞரின் முன் அமர்ந்து, செவிகொடுத்து, அடிகளைக் கற்று, அவர் பெயரோடு பதிந்து வைத்தலேயாம். கேட்டறிந்த செவியே கருவிக்கு ஆசான்.